மகளின் மடிக்கணினிக்கு விண்டோஸ் 11, கடைக் கணினிக்கு 2026 ஒக்டோபர் வரை அவகாசம்

கேள்வி: மஸ்கெலியா நகரில் சிறிய கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோப் பிரதி, தமிழ்த் தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புவது, பரீட்சைப் பெறுபேறு எடுத்துக் கொடுப்பது, இவைதாம் வருமானம். கடையில் இருப்பது ஐ3 4150 மேசைக் கணினி, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். கனோன் எல்.பி.பி. 2900 லேசர் பிரிண்டரும் எப்சன் வண்ணப் பிரிண்டரும் உண்டு. உயர்தரம் படிக்கும் மகளிடம் ஐ5 8250யு, 8 ஜி.பி. ரேம் மடிக்கணினி இருக்கிறது. இரண்டிலும் விண்டோஸ் 10. இரண்டிலும் ஆதரவு முடிந்துவிட்டதாக அறிவித்தல் வருகிறது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள், ஒன்று ஒரு இலட்சத்து எழுபதாயிரம் ரூபா என்கிறார் ஒருவர். 3,500 ரூபாவுக்கு இரண்டிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொல்கிறார் இன்னொருவர். கொழும்பில் வேலை செய்யும் அக்காவின் மகனோ, "விண்டோஸை விட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுங்கள் சித்தி, செலவே இல்லை" என்கிறான். பத்து வருடமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் கடைக் கணினியில் இருக்கின்றன. அவை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கணினிக்கு முன்னால் உங்கள் கடைக்கு வருகிறவர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, ஊழியர் சேமலாப நிதிக்குக் கடிதம் எழுத வருகிறார். தன் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் உங்கள் மேசையில் வைக்கிறார். நீங்கள் ஸ்கேன் செய்கிறீர்கள், தட்டச்சு செய்கிறீர்கள், அச்சிட்டுக் கொடுக்கிறீர்கள். அவர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். அவருடைய அடையாள அட்டை இலக்கமும் கணக்கு இலக்கமும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் தங்கிவிடுகின்றன. பத்து வருடத்தில் எத்தனை தோட்டத்து மக்களின் விபரம் அதில் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே மகளின் மடிக்கணினியையும் கடைக் கணினியையும் ஒரே கேள்வியாக நான் பார்க்கவில்லை. இரண்டுக்கும் இரண்டு பதில் இருக்கிறது.

முதலில், எது முடிந்தது, எது முடியவில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதற்காகக் கணினி நின்றுபோகாது. நாளைக்கும் இயங்கும், அச்சிடும், இணையத்துக்குப் போகும். நின்றது மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தாம். லயன் வீட்டுக் கூரைத் தகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்து எங்கோ ஓட்டை விழுந்துகொண்டேதான் இருக்கும். மழைக்கு முன்னால் ஒருவர் ஏறித் தார் வைத்து அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு ஓட்டை விழுந்ததே தெரியாது. இனி அவர் வரமாட்டார் என்பதுதான் அந்த அறிவித்தலின் பொருள். அன்றைக்கே வீடு நனையாது. எந்த மழையில் நனையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளே பொதுவான பகுதிகள் ஏராளம். 11இல் ஓர் ஓட்டையை அடைத்தார்கள் என்றால், அதே ஓட்டை 10இல் திறந்து கிடக்கிறதா என்று தேடுகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி ஆகிவிடுகிறது. 2017 மே மாதம் 'வன்னக்ரை' என்ற மென்பொருள் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். பிரித்தானியாவில் அரச வைத்தியசாலைகள் பலவற்றின் வேலையே தடுமாறியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் போடாத கணினிகள் சிக்கிக்கொண்டன. இனி உங்கள் கணினிக்குத் திருத்தம் வராவிட்டால் அதுவும் அந்த வரிசையில்தான் நிற்கும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியலை 2028 ஒக்டோபர் வரை தருவதாக மைக்ரோசொப்ட் அறிவித்திருப்பது உண்மை. அது தெரிந்த கள்வனை முகம் பார்த்துப் பிடிக்கும் காவலாளி போன்றது. கூரை ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

மகளின் மடிக்கணினிக்கு வருகிறேன், அது எளிதான விடயம். உங்கள் கடிதத்தில் பெயரோடு இலக்கத்தையும் எழுதியிருந்தது பெரிய உதவி. ஐ5 என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. 8250 என்பதில் முதலில் நிற்கும் 8தான் அது எட்டாம் தலைமுறை என்பதைச் சொல்கிறது. இன்டெல் செயலிகளில் விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். குறைந்தது 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இடமும் வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். இவை அனைத்தும் உங்கள் மகளின் மடிக்கணினியில் இருக்கத்தான் வேண்டும். அதைத் தூக்கிப்போடச் சொன்னவர் இலக்கத்தைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் சொல்லவில்லை.

மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறு மென்பொருளை இறக்கி ஓடவிடுங்கள். தகுதி இல்லை என்று வந்தால் உடனே மனம் உடைந்துவிட வேண்டாம். என் மேசைக்கு வந்த எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டி.பி.எம். இருந்தது, விண்டோஸ் தொடங்குவதற்கு முன் இயங்கும் 'பயோஸ்' அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இன்டெல் கணினிகளில் அதன் பெயர் 'பி.டி.டி.' என்று இருக்கும். அதை இயக்கி, 'செக்கியூர் பூட்' என்பதையும் இயக்கினால் முடிவு மாறிவிடும். இந்த ஒரு தெரிவை மாற்றாமல் நல்ல கணினியைக் கழிவுக்கு அனுப்புகிறவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அந்தப் பணத்தைச் சேர்க்க ஒரு குடும்பம் எத்தனை மாதம் எதையெல்லாம் குறைத்திருக்கும்!

பயோஸில் கை வைப்பதற்கு முன் ஒரு காரியத்தை மறக்காமல் செய்யுங்கள். செட்டிங்ஸில் தட்டு மறையாக்கம் (தட்டில் உள்ளவற்றைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது), அதாவது 'பிட்லொக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்', இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று இருக்கும். அதை மகளின் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டி.பி.எம். தெரிவுகளை மாற்றியதும் கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் பாடக்குறிப்புகளை நானும் எடுத்துத்தர முடியாது, வேறு எவராலும் முடியாது.

மடிக்கணினியோடு வந்த விண்டோஸ் 10 உரிமம் அப்படியே 11க்கும் செல்லுபடியாகும். மேம்படுத்தலுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. சில ஜி.பி. இறக்க வேண்டும் என்பதால் இரவு நேர டேட்டாவைப் பயன்படுத்துங்கள். மின்னேற்றம் முழுவதும் இருக்கும்போது, சார்ஜரையும் குத்தி வைத்துத் தொடங்குங்கள். நம் பக்கத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் அணைந்துபோன மேம்படுத்தலைத் திருத்துவது எனக்கே இரண்டு நாள் வேலை. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் மட்டும் இதைத் தொட வேண்டாம். இன்றைக்கு நேரம் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள்.

கடைக் கணினிதான் யோசிக்க வேண்டியது.

4150 என்றால் நான்காம் தலைமுறை. முறையான வழியில் அது விண்டோஸ் 11க்குப் போகாது. 3,500 ரூபாவுக்குப் போட்டுத் தருகிறேன் என்பவர் தகுதிச் சோதனையைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழியைச் சொல்கிறார். அப்படி நிறுவ முடியும், அது ஓடவும் செய்யும். ஆனால் தகுதியற்ற கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசொப்ட் எந்த உறுதியும் தரவில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகள் தாமாக வந்து சேர்வதும் இல்லை. ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் வந்து திரும்பத் திரும்பத் தாண்டவைக்க வேண்டும். எந்தத் திருத்தங்களுக்காக மாறுகிறீர்களோ அவற்றுக்கே உத்தரவாதம் இல்லையென்றால் அந்தப் பணம் வீண்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, அந்த 3,500 ரூபாவுக்குள் உரிமம் எப்படி வரும் என்பதுதான். உரிமம் இல்லாத விண்டோஸை இயங்கவைக்க 'அக்டிவேட்டர்' என்று ஒன்றைப் போடுவார்கள். அது வேலை செய்ய வேண்டுமானால் முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் விருந்தாளியை நம்பலாமா? 2021இல் ஆசிரியர் ஒருவர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் என் கடைக்கு வந்தார். ஆதரவு முடிந்து ஒரு வருடத்துக்கு மேலான விண்டோஸ் 7, அதில் இப்படி ஓர் அக்டிவேட்டர். அவர் பல வருடங்களாகத் தயாரித்த மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் பூட்டப்பட்டுக் கிடந்தன, திறப்பதற்குப் பணம் கேட்டுக் கடிதம் இருந்தது. என்னால் ஒன்றையும் மீட்க முடியவில்லை. அவர் எதுவும் பேசாமல் அமர்ந்திருந்த அந்த அரை மணி நேரம் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் கடைக் கணினியில் இப்போது இருக்கும் விண்டோஸ் 10க்கு உரிமம் உண்டா என்பதையும் செட்டிங்ஸில் 'அக்டிவேஷன்' பகுதியில் பாருங்கள். பொருத்தித் தந்தவர் உங்களிடம் சொல்லாமலே அக்டிவேட்டர் போட்டிருக்கலாம், அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் அப்படித்தான் என்று தெரிய வந்தால், கீழே நான் சொல்லும் அவகாசக் காலத்தை விட்டுவிட்டு நேரே லினக்ஸ் பகுதிக்குப் போய்விடுங்கள்.

உரிமம் இருக்குமானால் மைக்ரோசொப்ட் தரும் நீடிப்பில் சேருங்கள். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13ஆம் திகதி வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருகிறார்கள். கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்புப்பிரதியாக வைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. சம்மதம் இல்லையென்றால் 30 டொலர். 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். பத்து நிமிட வேலை. ஆனால் இது தீர்வு ஆகாது. ஒக்டோபருக்குள் பதற்றமில்லாமல் மாறுவதற்குக் கிடைத்த கால இடைவெளி, அவ்வளவுதான்.

இனி அக்காவின் மகன் சொன்னது. அவர் சொன்னதில் உண்மை அதிகம். உங்கள் கையிலிருக்கும் ஆன்ட்ரொய்ட் கைப்பேசிக்கும் அடித்தளம் லினக்ஸ்தான். நான்காம் தலைமுறைக் கணினிக்கு 'லினக்ஸ் மின்ட்' என்பதன் 'எக்ஸ்எஃப்சிஈ' வகை நன்றாகப் பொருந்தும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பரீட்சைப் பெறுபேறு, இணைய விண்ணப்பங்கள், மின்னஞ்சல் எல்லாம் பிரௌசரில் நடப்பவை. பிரௌசர் இரண்டிலும் ஒன்றே. பிள்ளைகள் கொண்டுவரும் பென் டிரைவ்களில் அடைவுகள் எல்லாம் 'ஷோர்ட்கட்' ஆக மாறிக் கிடக்குமே, அந்த வைரஸ்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸில் அவை செயலற்றுக் கிடக்கும், மறைந்திருந்த உண்மையான கோப்புகளைத் திறந்து கொடுக்கலாம். கொமினிகேஷன் கடைக்கு இது சிறிய நன்மை அல்ல.

ஆனால் அவர் கொழும்பில் இருக்கிறார், நீங்கள் மஸ்கெலியாவில் இருக்கிறீர்கள். ஆசிரியர் ஒருவர் வினாத்தாளோடு காத்திருக்கும்போது பிரிண்டர் அசையாவிட்டால் பக்கத்தில் கூப்பிட ஆள் வேண்டும். ஆகவே இரண்டு பரீட்சைகளில் தேறிய பிறகே கடைக் கணினியில் லினக்ஸை நிறுவ வேண்டும் என்பது என் முடிவு. ஒன்று பாமினி, மற்றது பிரிண்டர்.

பாமினியைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், உங்கள் பயம் நியாயமானது. பாமினி, எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் 'யூனிகோட்' என்ற பொதுக் குறியீடு வருவதற்கு முந்திய முறையைச் சேர்ந்தது. அதில் தமிழ் எழுத்து, தமிழ் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. நீங்கள் 'அம்மா' என்று அடிக்கும்போது கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகி ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். வேறு கடையில் உங்கள் கோப்பைத் திறந்தவர்கள் "கோப்பு பழுதாகிவிட்டது" என்று சொல்லியிருப்பார்கள். பழுது எதுவும் இல்லை, எழுத்துரு இல்லை.

இதிலிருந்தே விடை கிடைக்கிறது. பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து லினக்ஸிலும் நிறுவலாம், இரண்டு தடவை சொடுக்கினால் போதும். பழைய கடிதங்கள் 'லிப்ரே ஒஃபிஸ்' மென்பொருளில் திறக்கும், தமிழிலேயே தெரியும். பத்து வருட உழைப்பு அழியாது. அட்டவணைகளும் பக்க முடிவுகளும் சற்று இடம் மாறலாம். அதனால் அடிக்கடி அச்சிடும் விண்ணப்பப் படிவங்களை இப்போதே வேர்டில் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.டி.எஃப். எடுத்து வைத்துவிடுங்கள்.

புதிதாக அடிப்பதையோ யூனிகோடில் அடிக்கத் தொடங்குங்கள். இதை நீங்கள் விண்டோஸில் தொடர்ந்தாலும் சொல்வேன். பாமினியில் உள்ள கடிதத்தைக் கணினியில் தேட முடியாது, வட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, இணையப் படிவத்தில் இட முடியாது. விரல்கள் பழகிய இடங்களை மறக்க வேண்டியதில்லை. பாமினியில் யகரமும் ளகரமும் னகரமும் ககரமும் இடது கை வரிசையில் இருப்பது பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஒழுங்கு. அதே ஒழுங்கைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகை யூனிகோடுக்கு இருக்கிறது, லினக்ஸிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். சில இடங்களில் தடுமாறுவீர்கள். தினமும் ஒரு கடிதத்தை அதில் அடித்துப் பாருங்கள், கை பழகிவிடும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் மாற்றிகளும் உண்டு. மாற்றிய பின் ஜ, ஷ, ஸ்ரீ போன்ற எழுத்துகளையும், இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும், இலக்கங்களையும் கண்ணால் சரிபாருங்கள். கோப்பில் இருந்த உண்மையான ஆங்கிலத்தையும் தமிழ் என்று நினைத்து அது மாற்றிவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் நிற்கும் 'வி' என்ற ஆங்கில எழுத்து இப்படித் தொலைந்துபோனால் ஒருவருடைய விண்ணப்பமே திரும்பி வந்துவிடும்.

பிரிண்டர்தான் கடினமான பரீட்சை. உங்கள் எப்சன் பிரிண்டர் மை டாங்கி வகை என்றால் பெரும்பாலும் லினக்ஸில் சிக்கலில்லாமல் இயங்கும், அந்த நிறுவனமே டிரைவர், அதாவது பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், வெளியிடுகிறது. எல்.பி.பி. 2900 அப்படியல்ல. அது 'கெப்ட்' என்ற கனோனின் தனி மொழியில் பேசும் பிரிண்டர். லினக்ஸுக்காக அந்த நிறுவனம் தந்த டிரைவர் பழையது, இன்றைய பதிப்புகளில் அதை நிறுவுவது பெரும்பாடு. ஆர்வலர்கள் எழுதிய வேறொரு டிரைவரும் உண்டு. சிலருக்கு அது சரியாக அச்சிடுகிறது, சிலருக்கு இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அந்த 2900இலிருந்துதான் வெளியே வருகிறது என்று நினைக்கிறேன். அதை நிச்சயமில்லாமல் விட முடியாது.

ஆகவே அக்காவின் மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கடை பூட்டியிருக்கும் ஒரு நாளில், எதையும் நிறுவாமல் அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்குங்கள். அது சற்று மெதுவாக இருக்கும், பரவாயில்லை. பாமினிக் கடிதம் ஒன்று, அட்டவணையுள்ள வினாத்தாள் ஒன்று, ஸ்கேன் ஒன்று, இரண்டு பிரிண்டரிலும் இருபது பக்கம், இவை அத்தனையும் உங்கள் கையாலேயே நடக்க வேண்டும். அவர் பின்னால் நின்று பார்க்கட்டும். நிறுவும் கட்டத்தில் தட்டு முழுவதையும் அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். காப்புப்பிரதி எடுக்காமல் யாரும் அதற்குச் சம்மதம் கொடுக்கக் கூடாது.

இரண்டிலும் தேறினால் செப்டெம்பருக்குள் கடைக் கணினியை லினக்ஸுக்கு மாற்றிவிடுங்கள். 2900 தேறாவிட்டால், லினக்ஸில் இயங்கும் என்று உறுதியான வேறு லேசர் பிரிண்டர் வாங்குவதா, அல்லது பாவித்த எட்டாம் தலைமுறை மேசைக் கணினி ஒன்று வாங்குவதா என்று கணக்குப் பாருங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட நல்ல பெட்டிகள் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் கிடைக்கின்றன, கண்டியிலும் விற்கிறார்கள். விற்பவரிடமே 'பிசி ஹெல்த் செக்' ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், திரையில் தெரியும் இலக்கத்தை மட்டும் நம்புங்கள். அதில் விண்டோஸ் 11, அதற்கு 2900ஐ இணைத்துத் தட்டச்சும் அச்சும். விண்டோஸ் 10க்கான 64 பிட் டிரைவரே 11இலும் 2900ஐ இயக்குவதைப் பார்த்திருக்கிறேன். பழைய ஐ3இல் லினக்ஸைப் போட்டு, வாடிக்கையாளர் பென் டிரைவ்களைத் திறக்கவும் பெறுபேறு பார்க்கவும் வையுங்கள். ஊராரின் பென் டிரைவ் உங்கள் தட்டச்சுக் கணினியைத் தொடாமல் இருப்பதே பாதி நிம்மதி.

எந்த வழியில் போனாலும் ஐ3க்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. தட்டு, 240 ஜி.பி. அளவில் ஒன்று போடுவது வீண்போகாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் அதில் வேறு கணினி போல ஓடும். ரேமையும் 8 ஜி.பி. ஆக்க முடிந்தால் நல்லது. அது டி.டி.ஆர். 3 வகை, பாவித்ததே போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே, காப்புப்பிரதி. வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழுவதையும், பென் டிரைவ் ஒன்றில் முக்கியமானவற்றையும் எடுங்கள். ஒன்றைக் கடையில் வைத்தால் மற்றதை அங்கே வைக்க வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்து வந்த நாட்களில், கணினியும் காப்புப்பிரதியும் ஒரே அலுமாரியில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். வேறு உயரத்தில், வேறு கூரையின் கீழ், உறவினர் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். ஜூன், ஜூலை மழையில் மஸ்கெலியாவின் ஈரம் இரும்பையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா மணிப் பையோடு போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து இரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள். மின்சாரம் போனாலும் சற்று நேரம் கணினியைத் தாங்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றும் தேவை. சித்திரை மாதத்துப் பிற்பகல் இடி நேரத்தில் யு.பி.எஸ்.ஸையும் நம்பாமல் ரவுட்டரின் கம்பி உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

காப்புப்பிரதி எடுக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். வேலை முடிந்துபோன பழைய ஸ்கேன்களைப் பிரித்தெடுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் கொடுத்த விண்ணப்பத்தின் அடையாள அட்டைப் பிரதி உங்களுக்கு எதற்கு? மாதிரிப் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். இனிமேல் ஸ்கேன் செய்பவற்றைத் தனி அடைவில் போட்டு, மாதக் கடைசியில் அதைக் காலி செய்யுங்கள்.

எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு உங்கள் கையில் பழைய 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் மிஞ்சும். பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள், பொருத்த வந்தவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கணினியின் குப்பைத் தொட்டிக்குப் போட்டதால் மட்டும் கோப்பு அழிந்ததாகாது, மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிய தட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அதன்பின் அக்காவின் மகனைக் கொண்டு முழுத் தட்டையும் பூச்சியங்களால் நிரப்பி எழுதச் சொல்லுங்கள். சில மணி நேரம் ஓடும். தட்டு பழுதாகி எழுத முடியாமல் போனால், நடுவில் துளைபோட்டு உள்ளேயுள்ள வட்டுகளைச் சிதைத்துவிடுங்கள்.